ஃபார்ம் போன பேட்ஸ்மேன்: அணியில் வைத்திருப்பதா, நீக்குவதா?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு கோலியும் புஜாராவும்தான் நினைவுக்கு வருவார்கள்.

வைத்திருந்தால்: 2014 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் கோலி 10 இன்னிங்ஸில் எடுத்தது 134 ரன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விலகும் பந்து, மட்டையின் விளிம்பு, பின்னால் கேட்ச் என்று திரும்பத் திரும்ப அதே கதை. இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சனிடம் மட்டும் நான்கு முறை அவுட். ஆனாலும் நீக்கவில்லை. அடுத்து ஆஸ்திரேலியாவில் 4 டெஸ்டில் 692 ரன்!

நீக்கினால்: 2022 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கத் தொடருக்குப் பிறகு புஜாராவுக்கு இடமில்லை. இங்கிலாந்தின் உள்ளூர்ப் போட்டியான கவுன்டியில் சசெக்ஸ் அணிக்காக ஆடி இரட்டைச் சதங்களாக அடித்தார். ஜூலையில் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் நடந்த டெஸ்டில் மீண்டும் இந்திய அணியில். டிசம்பரில் வங்கதேசத்தின் சட்டோகிராமில் நடந்த டெஸ்டில் 90, அப்புறம் ஆட்டமிழக்காமல் 102.

திருத்திக்கொள்ள நேரம்: வைத்திருந்தால் தொடருக்கு நடுவே மிகக் குறைவு, நீக்கினால் உள்ளூர் ஆட்டங்களில் நாள் முழுக்க நின்று ஆட வாய்ப்பு.
அணிக்கு விலை: வைத்திருந்தால் ஒரு இடம் வீணாகலாம், நீக்கினால் அனுபவம் போகும்.
மனசு: நீக்கம் வலிக்கும். ஆனால் ஒவ்வொரு இன்னிங்ஸும் கடைசி வாய்ப்பு என்ற பயத்தோடு ஆடுவது அதைவிடக் கொடுமை.

இளம் வயது, குறை ஒரே ஒரு பந்துவகையில் என்றால் வைத்திருக்கலாம். எல்லா ஆடுகளத்திலும் தடுமாறி, தொடர்ந்து பல தொடர்கள் போய்விட்டால் உள்ளூர் ஆட்டத்துக்கு அனுப்புவதே சரி. ஆனால் என்ன செய்தால் திரும்ப வரலாம் என்பதைத் தேர்வாளர்கள் அவரிடம் நேரில் சொல்லியே ஆக வேண்டும்.