சிற்றூரில் குடியேறுபவர்களுக்கு ஸ்டார்லிங்க் இணையம்: ஒரு பயனாளரின் மதிப்புரை

வெளிநாட்டுப் பெருநகரத்தில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டுச் சிற்றூருக்குக் குடிபெயர்பவருக்கு அமைதியும் விரிந்த வெளியும் வந்த அன்றே கிடைத்துவிடுகின்றன; பழைய வேலையை வீட்டிலிருந்தே தொடர உதவும் நம்பகமான இணைய இணைப்புதான் எளிதில் கிடைப்பதில்லை. ஃபைபர் கேபிள் எட்டாத, கைப்பேசிச் சிக்னல் வீட்டின் ஏதோ ஒரு மூலையில் மட்டும் எடுக்கும் ஊரில், செயற்கைக்கோள்கள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் சேவை எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதை, அவ்வாறு இடம் மாறிய ஒருவராக இங்கே மதிப்பிடுகிறேன்.

இச்சேவையைப் பற்றிப் பேசுவோர் பதிவிறக்க வேகத்தையே முதலில் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இதன் மெய்யான மதிப்பு, தாமதம் குறைவாக இருப்பதில் உள்ளது. பழைய முறைச் செயற்கைக்கோள் இணையம் பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள்களை நம்பியிருப்பதால், ஒளியின் வேகத்தில் சென்றாலும் ஒரு தகவல் போய் அதற்கான பதில் திரும்புவதற்கு ஏறக்குறைய அரை விநாடி ஆகிவிடுகிறது. ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்களோ சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும் சுற்றுகின்றன. அதனால் நிலப்பகுதிகளில் தாமதம் பெரும்பாலும் 25 முதல் 60 மில்லிவிநாடிக்குள் அடங்கிவிடுகிறது. காணொளிக் கூட்டங்களில் இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடியும் மோதிக்கொள்ளும் சங்கடம் இதனால் நீங்குகிறது. விட்டு வந்த நண்பர்களோடு இடறலின்றி உரையாட முடிவது, புதிய ஊரில் யாரையும் அறியாத தொடக்க மாதங்களில் மிகப் பெரிய ஆறுதல்.

ஆனால் சிக்னலைப் பெற வீட்டில் பொருத்தும் ஆன்டெனாவான டிஷ்ஷுக்குத் தடையில்லாத வானம் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவரிலிருந்த இணைப்பைப் பயன்படுத்திப் பழகியவர்கள் வானத்தை இந்த நோக்கில் பார்த்திருக்க மாட்டார்கள். செயற்கைக்கோள்கள் ஓரிடத்தில் நிற்காமல் வானின் குறுக்கே விரைந்துகொண்டே இருப்பதால், ஒரே ஒரு கிளை மறைத்தாலும் செயற்கைக்கோள் அதன் பின்னே செல்லும்போது இணைப்பு சில விநாடிகள் அறுபடக்கூடும். படம் பார்ப்பவருக்கு அது தெரியாது, கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியும். எந்த மரம் வேகமாக வளரும், பலத்த காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்பவற்றை அக்கம்பக்கத்தாரிடம் கேட்ட பிறகே டிஷ்ஷைப் பொருத்த வேண்டும். இக்கேள்விகளை முன்னிட்டே அவர்களோடு பழக்கம் ஏற்பட்டது என்பதையும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊரானால் மின்செலவையும் கணக்கிட வேண்டும். வழக்கமான டிஷ் 75 முதல் 100 வாட் வரை எடுத்துக்கொள்கிறது. ஐந்து மணி நேரத்துக்கு அது 500 வாட்-மணி வரை ஆகும் என்பதால், மேசைக் கணினிக்கான சிறிய யூ.பி.எஸ். போதாது, இன்வெர்ட்டர் தேவை. கனமழையும் அடர்ந்த மேகமும் ரேடியோ அலைகளை உறிஞ்சுவது பெரும்பாலான செயற்கைக்கோள் இணையச் சேவைகளுக்குப் பொதுவானது. தவறவிடக் கூடாத கூட்டங்களுக்காகக் கைப்பேசி டேட்டாவைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

வாடிக்கையாளர் உதவி பெரும்பாலும் செயலி வழியாகவே நடைபெறுகிறது. நேரில் சென்று முறையிட ஊரில் அலுவலகம் இராது. முகம் பார்த்துப் பேசியே காரியங்கள் நடக்கும் சிற்றூரில் இது உறுத்தலாகத் தோன்றலாம்.

ஃபைபர் இணைப்பு கிடைக்கும் தெருவில் இருப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபைபரில் தாமதமும் மின்செலவும் இன்னும் குறைவு, மழையும் பொருட்டில்லை. அது இல்லாத ஊரில், வேலையை விடாமல் குடியேற விரும்புபவர் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். சந்தா செலுத்தும் முன்பே செயலியை நிறுவி, கைப்பேசிக் கேமராவை வானை நோக்கித் திருப்பித் தடைகளைச் சரிபார்க்கும் வசதி உள்ளது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பார்க்கும் ஒவ்வொரு வீட்டின் மாடியிலும் இதைச் செய்து பாருங்கள்.