கூக்கால் ஏரியில் ஓர் இரவு: வழிகாட்டிகளுக்கு ஐந்து நட்சத்திரம், வாடகைக்கு எடுத்த முதுகுப்பைக்கு ஒன்றுதான்

முதுகில் பையை மாட்டிக்கொண்டு கொடைக்கானல் மலையில் இருக்கும் கூக்கால் ஏரிப் பக்கம் நடந்து, ஒரு ராத்திரி தங்கிவிட்டு வர ஆசைப்படுகிறவர்கள் இந்த ஊர்த் தம்பிகளை நம்பித் தாராளமாகப் போகலாம். பெரிய கம்பெனி எல்லாம் கிடையாது, உள்ளூர்க்காரர்கள் இருவர் சேர்ந்து நடத்துகிறார்கள். தலைக்கு 1,800 ரூபாய். வழிகாட்டல், ராத்திரிச் சாப்பாடு, காலைப் பலகாரம், படுக்கை எல்லாம் இதில் அடக்கம். எனக்கு வீடு கொடைக்கானல் நாயுடுபுரம். திண்டுக்கல்லில் படிக்கும் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஜனவரியில் போனேன்.

ஏரிக்கரையில் டென்ட் போடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இவர்கள் போடுவதில்லை, எனக்குப் பிடித்ததே அதுதான். அக்கா மகனுக்கு முகம் வாடிவிட்டது. "என்னண்ணே, தண்ணி ஓரமா படுக்க முடியாதா?" என்று கேட்டான். வழிகாட்டித் தம்பி பதில் சொல்லாமல் அவனைக் கரைக்கே கூட்டிப் போனார். சேற்றில் காட்டுமாட்டுக் குளம்புத் தடம் இரண்டாகப் பிளந்து ஆழமாகப் பதிந்திருந்தது. ஓரம் கூட உதிரவில்லை, குழிக்குள் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. "ராத்திரி அதுக தண்ணி குடிக்க வர்ற தடம் தம்பி இது. நாம இங்க படுத்துட்டா அதுக எங்க போகும்?" என்றார். அதற்கு மேல் அவன் டென்ட் பேச்சை எடுக்கவில்லை.

குளிருக்கும் அதுதான் சரி. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கொடைக்கானலிலேயே பாருங்கள், ஏரியை ஒட்டிய ஜிம்கானா பக்கம் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது மேட்டுத் தெருக்களில் வெறும் பனித்துளிதான் இருக்கும். அதனால் இவர்கள் ஏரிக்கு மேலே, சரிவில் இருக்கும் ஒரு வீட்டில் தங்க வைக்கிறார்கள். சிமெண்ட் தரை, வைக்கோல் பரப்பி அதன்மேல் பாய், ஆளுக்கு இரண்டு கம்பளி. நன்றாகத் தூங்கினோம்.

கம்பளி மட்டும் இல்லையென்றால் என் பாடு திண்டாட்டம்தான். பையும் ஸ்லீப்பிங் பேக்கும் டவுனில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்திருந்தேன். "5 டிகிரி வரைக்கும் தாங்கும்க்கா" என்று கொடுத்தார்கள். வீட்டில் விரித்து உள்ளே தைத்திருந்த சீட்டைப் பார்த்தால் கம்ஃபர்ட் 10, லிமிட் 5. இரண்டும் ஒன்றல்ல. சோதனை முறைப்படி கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் கை காலை நீட்டி நிம்மதியாகத் தூங்கும் அளவு. லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. ஒரு பெண்ணிடம் லிமிட் எண்ணைச் சொல்லி வாடகைக்கு விடுவது நியாயமே இல்லை. பையின் இடுப்புப் பட்டையில் கிளிப் வேறு நிற்கவில்லை, இறுக்க இறுக்க வழுக்கியது. பாரத்தில் பெரும்பங்கு இடுப்பில் இறங்கினால்தான் மேடு ஏற முடியும். பாதி வழியில் வழிகாட்டித் தம்பியே பையை வாங்கி, தண்ணீர் கேனையும் மற்ற கனமான சாமான்களையும் முதுகை ஒட்டி நடுவில் வைத்து, துணிமணியை வெளிப்பக்கம் தள்ளி, பட்டையை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். தோள் வலி அப்படியே குறைந்தது.

நடை கடினமில்லை. பூம்பாறை தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேரட், பூண்டுப் படிக்கட்டு வயல்கள், அப்புறம் சீகை (வாட்டில்) மரக்காடு, அப்புறம் சோலை ஓரம். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று நட்ட சீகை பழனி மலைத்தொடரின் புல்வெளிகளை எவ்வளவு தின்றிருக்கிறது என்பது ஒரே இடத்தில் நின்று பார்த்தால் தெரிகிறது: இடது பக்கம் மிச்சமிருக்கும் புல் மேடு, வலது பக்கம் கீழே ஒரு புல் கூட முளைக்காத இருட்டு. சோலைக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும் என்று சொல்லி வெளியிலேயே நிறுத்திவிட்டார். சரியான காரியம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்த வீட்டு அப்பத்தா வைத்த மலைப்பூண்டுக் குழம்பு! அடுப்புக்கு மேலே பரணில் புகை பட்டுத் தொங்கிய பூண்டு. பல் சின்னது, தோல் செம்பு நிறம், நசுக்கும்போதே கண்ணில் நீர் வரும் காரம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது சும்மா இல்லை. "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்க ஆத்தா" என்று மூன்றாம் முறையும் ஊற்றினார். கூட உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான்.

கேம்ப் ஃபயர் கிடையாது. குளிர் காய அடுப்பங்கரையில் உட்காரலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்களைக் காட்டுத்தீ கொண்டுபோனதைப் பக்கத்து மாவட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். அதனால் இந்த விதியை யாராவது குறையாக எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

குறை என்றால் கழிப்பறைதான். வீட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி இருக்கிறது, விளக்கு இல்லை. பெண்கள் தலையில் மாட்டும் டார்ச் கொண்டு போங்கள். அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், ஒரு பல்பு போடுவதாகச் சொன்னார்கள்.

சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டு வராதீர்கள், பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி வாங்குகிறார்கள். பிப்ரவரி பாதியில் இருந்து புல் காய்ந்துவிடும் என்பதால் மழை விழும்வரை இவர்கள் யாரையும் கூட்டிப் போவதில்லை. டிசம்பர், ஜனவரிக்கே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள், பையை மட்டும் வேறு எங்காவது வாங்குங்கள்.