1603 வந்த பிறகு: ஃபோர்மட்டா, ரிப்பெயார் இன்ஸ்டோலா?

புதுப் பிரின்டரின் சொஃப்ட்வெயார் பாதி வரை ஏறி, 1603 என்று ஓர் இலக்கத்தைக் காட்டி நின்றுவிட்டது. மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் அதே இடம். மறு வாரம் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் அடித்துக் கொடுத்தாக வேண்டும். நோர்வூட்டிலிருந்து ஹட்டன் டவுனுக்கு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போனால், கடைத் தம்பி அதைத் திறக்கும் முன்பே சொல்வார்: "ஃபோர்மட் அடிச்சிருவோம் டீச்சர், சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க." போன வருடம் அப்படித்தான் எல்லாவற்றையும் துடைத்து வின்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொண்டுவந்தேன். இந்தத் தடவை வீட்டிலேயே வின்டோஸை அதன் மேலேயே திரும்ப ஏற்றினேன், அதுதான் ரிப்பெயார் இன்ஸ்டோல். ஃபைலும் போகவில்லை, சொஃப்ட்வெயாரும் போகவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து அனுபவித்தவள் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டுக்கும் முன்னால் பிழை இலக்கத்தைப் பின்தொடர்ந்து பார்ப்பது என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கு அரை மணித்தியாலம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 1618 என்றால் வேறொரு இன்ஸ்டோல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. காத்திருங்கள், இல்லையேல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். வின்டோஸ் அப்டேட் காட்டும் 80070643 போன்ற நீண்ட இலக்கங்களைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். பிள்ளைகள் தகவல் தொழினுட்பப் பாடத்தில் படிக்கும் பதினறும எண்தான் அது. கடைசி மூன்றான 643ஐ எடுங்கள்: 6×256, 4×16, 3. கூட்டினால் 1603. இரண்டும் ஒரே பிழை. அதேபோல் 80070652 என்பது 1618. 80070070இல் 70ஐ மாற்றினால் 112, அதாவது டிஸ்க்கில் இடம் இல்லை. 80070005 என்றால் அனுமதி இல்லை. ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் மழை நாளில் சிக்னல் அறுந்து அறுந்து வரும். டவுன்லோட் பாதியில் நின்ற ஃபைலை இன்ஸ்டோல் செய்யப் போய் மல்லுக்கட்டியவர்கள் நிறைய. முதலில் ஃபைலின் அளவைச் சரிபாருங்கள்.

1603இன் தொல்லை, 'பெரிய பிழை' என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. காரணம் இன்ஸ்டோல் நடந்ததைப் பதிந்து வைக்கும் லொக் ஃபைலில் இருக்கும். அதை நோட்பேடில் திறந்து 'ரிட்டர்ன் வெல்யூ 3' என்பதை ஆங்கிலத்தில் தேடினால், அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளில் உண்மைக் காரணம் அகப்படும். எனக்கு அகப்பட்டது இது: பிரின்டர் சொஃப்ட்வெயார் ஓடுவதற்குக் கேட்கும் விசுவல் சி பிளஸ் பிளஸ் என்ற துணைப் பொதி ஏறவில்லை. அதைத் தனியாக ஏற்றப் போனால் அதற்கும் 1603. வின்டோஸின் சொந்த ஃபைல்களைச் சோதிக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓடவிட்டேன். பழுதான சிஸ்டம் ஃபைல்கள் உண்டு, சிலவற்றைத் திருத்த முடியவில்லை என்றது. டிஸ்ம் கட்டளை அவற்றுக்குப் பதிலாக நல்ல ஃபைல்களை இணையத்திலிருந்து எடுக்கப் பார்த்து, கிடைக்கவில்லை என்று நின்றது. பழுது பிரின்டரில் இல்லை, வின்டோஸில்தான் என்று அங்கே தெளிவானது.

இனி ஃபோர்மட். அதன் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரியும்: நம் கை படாமல் வேலை முடியும், மெஷின் கொஞ்ச நாள் வேகமாக ஓடும். கூலி 2,500 ரூபா கொடுத்தேன். அது பெரிய காசு இல்லை. விலை அதற்குப் பிறகுதான் வந்தது.

போன வருடம் கடையிலிருந்து கொண்டுவந்த அன்று இரவு, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வைத்திருந்த வினாத்தாளைத் திறந்தேன். ஃபைல் பத்திரமாக இருந்தது. உள்ளே ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகப் பக்கம் பக்கமாக நின்றன. ஆங்கில எழுத்துகளையே தமிழாகக் காட்டும் பாமினி எழுத்துரு போய்விட்டது. யுனிகோட் வருவதற்கு முன்பிருந்தே நம் நாட்டில் ஆசிரியர்களும் அச்சகங்களும் பாமினியில் அடித்த பழக்கம், என் பத்து வருட வினாத்தாள்களும் அதில்தான். எழுத்துரு வின்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பது, டி டிரைவில் ஃபைல்களைச் சேமித்து வைத்தாலும் எழுத்துரு ஃபோர்மட்டோடு போய்விடும். எழுத்துருவைத் தேடி எடுக்க ஒரு நாள். அதே பழக்கத்தில் அடிக்க விசைப்பலகை சொஃப்ட்வெயார் ஒரு நாள். வேர்டில் நான் செய்து வைத்திருந்த வினாத்தாள் டெம்ப்ளேட் திரும்ப வரவே இல்லை. சூம், பிரவுசர், பழைய பிரின்டரின் டிரைவர், அதற்கு மேல் வின்டோஸ் அப்டேட் என்று மாத டேட்டா அந்த வாரமே கரைந்தது. போதாக்குறைக்கு, வின்டோஸின் ஹோம் பதிப்போடு வந்த லெப்டொப்புக்கு அந்தக் கடையில் புரோவை ஏற்றிவிட்டார்கள். 'அக்டிவேட் செய்யுங்கள்' என்ற வரி திரையின் மூலையில் ஒட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்ய மறுபடி ஒரு பஸ் பயணம்.

வின்டோஸிலேயே உள்ள 'ரீசெட்' இதற்குச் சளைத்ததல்ல. 'ஃபைல்களை வைத்துக்கொள்' என்று தெரிவுசெய்தாலும் சொஃப்ட்வெயாரை எல்லாம் கழற்றிவிடும். அதில் கிளவுட் டவுன்லோடைத் தெரிவுசெய்தால் 4 ஜிபிக்கு மேல் போகலாம்.

ஆகவே என் தெரிவு ரிப்பெயார் இன்ஸ்டோல். மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து வின்டோஸின் ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது முழு இன்ஸ்டோல் டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக அடைத்ததை, எடுக்க வேண்டும், சுமார் 5 ஜிபி. நான் இரவு டேட்டாவில், நள்ளிரவு தாண்டிப் போட்டுவிட்டுப் படுத்தேன். அதை டபுள் கிளிக் செய்தால் புது டிரைவ் போல் திறக்கும். உள்ளே உள்ள செட்டப்பை, ஓடிக்கொண்டிருக்கும் வின்டோஸுக்குள் இருந்தே ஓடவிட வேண்டும். பென் டிரைவிலிருந்து மெஷினைத் தொடக்கினால் (பூட் செய்தால்) இந்த வழி கிடைக்காது. கடைசித் திரையில் 'ஃபைல்களையும் சொஃப்ட்வெயார்களையும் வைத்துக்கொள்' என்ற வரி தெரிவாகியிருக்க வேண்டும்.

எனக்கு முதல் தடவை அந்த வரி மங்கிப்போய், அமுக்க முடியாமல் இருந்தது. ஒரு மணித்தியாலம் காரணம் தேடினேன். என் லெப்டொப்பில் இருந்தது அமெரிக்க ஆங்கிலம். நான் இறக்கியது 'இங்லிஷ் இன்டர்நெஷனல்', அதாவது பிரித்தானிய ஆங்கிலம். மொழி பொருந்தாவிட்டால் சொஃப்ட்வெயாரை வைத்துக்கொள்ள விடாது. பதிப்பும் பொருந்த வேண்டும். 5 ஜிபி வீண், மறுபடி ஓர் இரவு. செட்டிங்ஸில் மொழிப் பகுதியைத் திறந்து எந்த ஆங்கிலம் என்று பார்த்துவிட்டு டவுன்லோடில் கை வையுங்கள்.

இடமும் வேண்டும். சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலியாக்கினேன். ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் சேமிக்கப் போனபோது இடம் இருந்தும் ஏறவில்லை. பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது. என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றியதும் ஏறியது. பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால் மாலை நான்குக்கு ஆரம்பித்த வேலை ஏழரைக்குத்தான் முடிந்தது. திரை திரும்ப வந்ததும் முதலில் திறந்தது அந்தப் புலமைப்பரிசில் வினாத்தாளைத்தான். தமிழ் தமிழாகவே இருந்தது. பிரின்டர் முதல் முயற்சியிலேயே ஏறியது. பழைய வின்டோஸ் பத்து நாளைக்கு ஒரு ஃபோல்டரில் கிடக்கும், பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். பிறகு அதை அழித்தால் இடம் மிச்சம்.

இதை நான் மூன்று மெஷினில் மட்டும்தான் செய்திருக்கிறேன், மூன்றும் வின்டோஸ் 10. அதற்கு மைக்ரோசொஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. என் லெப்டொப்பின் புரொசசரை வின்டோஸ் 11 ஏற்காது. அதனால் இன்னும் எத்தனை காலத்துக்கு இப்படி ஒப்பேற்றலாம் என்பதில் எனக்கு நிச்சயம் இல்லை. மூன்றில் ஒன்றில் 1603 போகவும் இல்லை. பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் லெப்டொப் அது. ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது. டிஸ்க் சாகும்போது ஃபோர்மட்டும் உதவாது, ரிப்பெயாரும் உதவாது. படங்களையும் பாடக் குறிப்புகளையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கடைக்கே அனுப்பினேன்.

மெஷின் வைரஸ் பிடித்துக் கிடந்தாலும் கடைதான். பற்றரி இல்லாத மேசைக் கணினி என்றால், யுபிஎஸ் இல்லாமல் ஒக்டோபர், நவம்பர் மாத இடி மழைக்குள் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பாதி ஏறும்போது கரண்ட் போனால் வின்டோஸ் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். எல்லாத் தடவையும் திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது. லெப்டொப்பையும் முழுச் சார்ஜ் ஏற்றி, வயரையும் செருகி வைத்துத்தான் நான் செட்டப்பைத் தொட்டேன். பாமினி எழுத்துருவும் விசைப்பலகையும் இப்போது அந்த ஐஎஸ்ஓவோடு அதே பென் டிரைவில் இருக்கின்றன.