எஸ்டேட் வண்டியும் ஒரு சில்வர் ஓக் குச்சியும்

திருப்பூர் மச்சான் போன வாரம் போன் செய்தார். "மாப்ளே, நீங்க ஓட்டுற அதே வண்டி ஒண்ணு ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு வருது. வாங்கலாங்களா?" போனில் சொல்லி முடிக்கிற பதிலா அது? பதினாறு வருடக் குடித்தனம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். என் வண்டி 'எஸ்டேட்' என்கிற வகைக் கார், கூரை பின்கதவு வரை நீண்டு டிக்கியையும் மூடியிருக்கும். ஆனால் எங்கள் கோத்தகிரியில் எஸ்டேட் வண்டி என்றால் தேயிலைத் தோட்டத்து ஜீப். என்னுடையதை 'நீள டிக்கி கார்' என்று சொன்னால்தான் புரியும். நம் நாட்டில் இந்த வகை என்றுமே எடுபட்டதில்லை. 1992இல் டாடா எஸ்டேட் வந்தது, 2004இல் இண்டிகோ மரீனா வந்தது, இரண்டும் போய்ச் சேர்ந்தன. என்னுடையது ஐரோப்பிய வண்டி, டர்போ டீசல், 2007 மாடல், 2,14,000 கிலோமீட்டர் ஓடியது. கம்பெனி பெயர் வேண்டாம். கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன்.

மலை ஏறும்போது இதற்கு ஈடு கிடையாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 சொச்சம் மீட்டர், ஊட்டி 2,240. அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத கார் தொட்டபெட்டா பிரிவுக்கு வருவதற்குள் கால்வாசி பலத்தைத் தொலைத்துவிட்டு மூச்சு வாங்கும். டர்போவோ வெளியே போகிற புகையை வைத்தே விசிறியைச் சுற்றி, மெல்லிய காற்றையும் அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. ஐந்து பேர், பின்னால் நாலு மூட்டை கேரட், கட்டபெட்டு ஏற்றம். மூன்றாவது கியரை மாற்றவே வேண்டாம்.

அப்படிப்பட்ட வண்டிதான் குஞ்சப்பனைக்கு மேலே, கொண்டை ஊசி வளைவின் நடுவில், திடீரென்று மாட்டு வண்டி ஆகும். மிதித்தால் போகாது. பின்னால் வரும் பஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்காது. ஓரம் கட்டி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மறுபடி எங்கே படுக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதுதான் நான்கு வருடமாக என் ரத்தக் கொதிப்பு.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "டர்போவையே மாத்தணும், 85,000 ஆகும்" என்றார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை! வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர் மெக்கானிக் அதைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வட்டமாகச் சின்னச் சின்ன இதழ்த் தகடுகள். புகையின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது அவைதான். அவற்றில் கரி அப்பி, நகர முடியாமல் ஒட்டிக்கிடந்தன. தகடு ஒட்டிக்கொண்டால் கேட்டதற்கு மேல் காற்றழுத்தம் ஏறும். எஞ்சின் கெடக் கூடாது என்று வண்டியின் கம்ப்யூட்டர் பலத்தைக் குறைத்துவிடும். சுத்தம் செய்ய 4,500 வாங்கினார். ஒரு வார்த்தையும் சொன்னார்: "இது ரிப்பேர் இல்லைங்க சார், நீங்க வண்டியை விரட்டவே மாட்டேங்கறீங்க."

உண்மைதான். வீட்டிலிருந்து இலை ஃபேக்டரி நாலு கிலோமீட்டர், மார்க்கெட் ஆறு. குளிரில் எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறேன். கரி எரிந்து போக வழியே இல்லை. மலைக்கென்றே பிறந்த டர்போவை மலைவாழ்க்கையே கொல்கிறது. இந்த அநியாயத்துக்கு யாரைத் திட்டுவது?

மெக்கானிக் சொன்ன வைத்தியம், மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி, மூன்றாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குக் குறையாமல் ஏறி வருவது. வேலை எதுவும் இல்லாமல் மலையை இறங்கி ஏறுகிறேன். "கறிவேப்பிலை வாங்கவா இத்தனை தூரம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆனால் ஒன்று, அந்த ஏற்றத்தில் டர்போ மெல்லிசாக விசிலடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே போகிறேனோ என்று சில சமயம் எனக்கே சந்தேகம்.

மேலே வந்ததும் ஒரு நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிய தண்டு அது. சட்டென்று நிறுத்தினால் சூட்டில் ஆயில் கருகிவிடும். டூரிஸ்ட்கள் யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

மற்ற செலவுகளெல்லாம் பழைய வண்டிக்கு உள்ளவைதான். 15 வருடம் முடிந்து 2022இல் ஆர்சி புதுப்பித்தேன், ஐந்து வருடத்துக்கு. ஹோஸ், புஷ், கிளட்ச் என்று கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் எனக்குப் பாதி உறவு.

பின்கதவைப் பற்றிச் சொல்லாவிட்டால் தலை மன்னிக்காது. அதைத் தாங்குகிற கேஸ் ராடுகள் பழசாகிவிட்டன. குளிரில் கேஸின் அழுத்தம் குறையும். ஜனவரி உறைபனிக் காலையில் மூட்டை எடுக்கக் குனிந்தால் கதவு பிடரியில் இறங்கும். இரண்டு வருடமாக ஒரு சில்வர் ஓக் குச்சியை முட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு வரைக்கும் வண்டியில் பழுதாகாத ஒரே பாகம் அதுதான்.

சரி மச்சான், வாங்க வேண்டாம். திருப்பூர் டிராஃபிக்கில் நின்று நின்றே அது கரி பிடித்துப் படுத்துவிடும். உங்களுக்கு ஏற மலையும் இல்லை. ஆனால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பின்கதவைத் தூக்கிவிட்டால் தானாக நிற்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். நின்றால் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள், எனக்குத்தான்.