நாலு இலக்கத்தைப் பார்க்காமல் டயர் வாங்காதீர்கள்: என் ஹிமாலயனுக்கு வந்த ஐந்தரை வயது ‘புது’ டயர்

பைக்குக்கு டயர் மாற்றப் போகிற நண்பர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடை கோயம்புத்தூரில் இருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. எந்த ஊர்க் கடையிலும் இது நடக்கலாம் என்பதால் நடந்ததை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17, ஸ்போக் வீல், டியூப் டயர். பின் டயர் 14,000 கிலோமீட்டர் ஓடி நடுப்பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், தட்டையாகிவிட்டது. பட்டன் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், டிடபிள்யூஐ (TWI, தேய்மான அடையாளம்) என்ற எழுத்து காட்டும். பைக் டயர் அந்த மேடு வரைக்கும், அதாவது 0.8 மில்லிமீட்டர் வரைக்கும் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். என் டயர் இன்னும் அங்கே வரவில்லை. ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மனைவியோடு வால்பாறை போவதாக இருந்தோம். அதனால் 2024 செப்டம்பரில் அந்தக் கடைக்குப் போனேன்.

கேட்டது ரோட்டுக்கும் கொஞ்சம் மண்பாதைக்கும் ஒத்துவருகிற டயர். கடைக்காரர் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். “இது இம்போர்ட்டுங்க. இப்ப எங்க தேடினாலும் கிடைக்காது. உங்களுக்காகக் கடைசி பீஸ் ஒண்ணு இருக்குது” என்றார். டயர் கருகருவென்று மின்னியது. மேலே ரப்பர் முடிகள் அப்படியே இருந்தன. “பாருங்க, முடிகூட உதிரல, அவ்வளவு புதுசு” என்று தடவிக் காட்டினார்.

இம்போர்ட் டயர் கிடைப்பது கஷ்டம் என்று அவர் சொன்னது உண்மைதான். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு உரிமம் இல்லாமல் யாரும் கொண்டுவர முடியாது. வெளிநாட்டு டூரிங் டயர்களுக்கு இங்கே தட்டுப்பாடு வந்ததும் அதனால்தான். எனக்கு இது முன்பே தெரியும், அதனாலேயே அவரை நம்பினேன். ஆனால் அந்தக் கட்டுப்பாடு வந்து நாலு வருடம் ஆன பிறகு ஒரு கடையில் ‘கடைசி பீஸ்’ இருந்தால், அது எப்போது வந்து இறங்கியது என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை.

டயர் 6,200 ரூபாய், டியூப் 550, மாட்டுக்கூலி 200. மொத்தம் 6,950. பில் கேட்டேன். “சிஸ்டம் வேலை செய்யலீங்க, நாளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பறேன்” என்று ஒரு வெள்ளைத்தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார். பணத்தை யுபிஐயில் போட்டேன். மாட்டுகிற நேரத்தில் டீ வரவழைத்துக் கொடுத்து முன்பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். கிளம்பும்போது, “புது டயர், முதல் 150 கிலோமீட்டர் கொஞ்சம் வழுக்கும், பார்த்துப் போங்க” என்றார். புது டயருக்கு எல்லோரும் சொல்வதுதான், சரியான அறிவுரையும்கூட. ஆனால் அதைக் கேட்டு வந்ததால்தான் அடுத்த சில நாட்கள் பின்சக்கரம் நெளிந்தபோதெல்லாம் நான் சந்தேகப்படவே இல்லை.

அக்டோபரில் வால்பாறை போனோம். அதற்குள் 400 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இறங்கும்போது தூறல். வேகம் 20-க்கும் கீழே, இரண்டாவது கியர். ஒரு வளைவில் பின்பிரேக்கை லேசாகத் தொட்டதுதான், பின்பக்கம் அப்படியே வெளியே ஓடிவிட்டது. நானும் மனைவியும் வண்டியோடு சாய்ந்து விழுந்தோம். எதிரே பஸ் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் கை நடுங்குகிறது. அவளுக்குக் கணுக்கால் சுளுக்கி மூன்று வாரம் நடக்கச் சிரமப்பட்டாள்.

நடக்கிற வேகத்தில் இறங்கிப் பொள்ளாச்சி வந்து சேர்ந்தோம். பின்சக்கரத்தில் காற்று குறைந்திருந்தது. ரோட்டோரப் பஞ்சர் கடையில் நிறுத்தினேன். அந்த அண்ணன் டயரைக் கழற்றும் முன்பே பட்டனில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். “நகமே இறங்கலீங்களே. எத்தனை வருசம் ஆச்சு?” என்றார். மாட்டி ஒரு மாதம்தான் என்றேன். அவர் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, சைடுவாலில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் இருந்த நீள்வட்டக் கட்டத்தைக் காட்டினார். 0719.

முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். அதாவது 2019-ன் ஏழாவது வாரம், பிப்ரவரி. நான் வாங்கிய அன்றைக்கே அந்த டயருக்கு ஐந்தரை வயது.

அந்தத் தேதி டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது. கடையில் எனக்குக் காட்டியது மற்றப் பக்கம். மின்னிய கறுப்பு டயர் பாலிஷ். முடிகள் டயர் ஓடினால்தான் உதிரும். பத்து வருடம் சும்மா கிடந்தாலும் அப்படியேதான் இருக்கும். பட்டனை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தால் அடியில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. ரப்பரில் கலந்திருக்கும் எண்ணெய்ப் பசை வருடக்கணக்கில் போய்விடும். காற்றும் வெயிலும் பட்டு ரப்பர் இறுகிவிடும். காய்ந்த ரோட்டில் இது அவ்வளவாகத் தெரியாது, ஈர ரோட்டில்தான் பிடிப்பு போய்விட்டது தெரியும்.

அப்புறம் டியூபை வெளியே எடுத்தார். அதில் இரண்டு ஒட்டு. ஒன்று போன வருடம் தர்மபுரியில் நான் போட்ட ஒட்டு. 550 ரூபாய் வாங்கிக்கொண்டு என் பழைய டியூபையே உள்ளே திணித்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், டயரைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. டயர் விஷயத்தில் தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று ஒரு கடைக்காரர் சொல்லிவிடலாம், டியூபுக்கு என்ன சொல்வார்?

மறுவாரம் கடைக்குப் போனேன். “டயருக்கு எக்ஸ்பயரி எல்லாம் கிடையாதுங்க. ஒரு மாசம் ஓட்டிட்டு வந்து கேட்டா எப்படி?” என்றார். எக்ஸ்பயரி தேதி அச்சடிப்பதில்லை என்பது சரிதான். வெயில் படாமல் நல்ல குடோனில் இருந்த டயர் சில வருடம் தாங்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லி டயர் கம்பெனிகளே அறிவுறுத்துகின்றன. அந்த வயதைத் தாண்டிய சரக்கை வயதைச் சொல்லாமல் புது விலைக்கு விற்றால் அது ஏமாற்றுதான். டியூபைப் பற்றிக் கேட்டதற்கு அவரிடமிருந்து பதிலே இல்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். அவர்கள் முதலில் கேட்டது பில். என்னிடம் இருந்தது வெள்ளைத்தாளும் யுபிஐ ரசீதும்தான். நல்லவேளை, பொள்ளாச்சியில் அந்த 0719-ஐயும் டியூபையும் படம் எடுத்து வைத்திருந்தேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். சின்னத் தொகைதானே என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம், தயவுசெய்து விடாதீர்கள்.

டயர் வாங்கும்போது மாட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தேதியைப் படம் எடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழசாக இருந்தால் நான் வாங்க மாட்டேன். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் வண்டியின் பழைய டயரோடு ஒப்பிடுங்கள். என் பின் டயரில் 64S. ஒரு டயர் 280 கிலோ தாங்கும், 180 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் செல்லும் என்று அர்த்தம். இரண்டு பேர், பெட்டிகள் என்று ஏற்றிப் போகிறவர்கள் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. சுழலும் திசை காட்டும் அம்புக்குறி, வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். டியூப் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மாட்டி முடிக்கும்வரை வண்டிப் பக்கத்திலேயே நில்லுங்கள், டீயை அப்புறம் குடிக்கலாம். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வேறு கடையில் 2824 தேதியிட்ட உள்ளூர்த் தயாரிப்பு டயர் ஒன்றைப் போட்டுவிட்டேன். பழையதை ஆணையத்தில் கேட்டால் காட்டுவதற்காக, டியூபோடு சேர்த்துக் கட்டி வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.