அப்பாவின் 12 வார கார்டியாக் ரீஹேப்: எங்கள் அனுபவம்

அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று கையில் கிடைத்தது மாத்திரைச் சீட்டும் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்ற ஒரு பேச்சும்தான். கார்டியாக் ரீஹேப், அதாவது இதயத்தை மெல்லத் தேற்றும் மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று இருப்பதை அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஒரு மாதம் கட்டிலே கதியாகக் கிடந்தார், பாத்ரூம் போய் வந்தாலே மூச்சு வாங்கியது. அப்புறம் தெரிந்த டாக்டர் ஒருவர் சொல்லித்தான் வேறொரு ஆஸ்பத்திரியில் இந்தப் பயிற்சியில் சேர்த்தோம். வாரம் மூன்று நாள், தடவைக்கு ஒரு மணி நேரம்.

முதல் நாளே டிரெட்மில்லில் ஏற்றிவிடுவார்களோ என்று பயந்தேன். இல்லை, 6 நிமிட நடைச் சோதனைதான். வராந்தாவின் இரு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர். அப்பா இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நில்லுங்கப்பா, மூச்சு அடங்கட்டும்" என்று பிசியோதெரபிஸ்ட் பெண்ணும் கூடவே நின்றார். 210 மீட்டர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பெண் விளக்கிச் சொன்ன விதம். இதயத் தசை செல்லின் இடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன, ஓயாமல் துடிக்க அவ்வளவு சக்தி வேண்டும். அட்டாக்கில் ரத்தம் நின்று, அடைப்பு திறந்து திரும்பப் பாயும்போது இந்த மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிளம்பி செல்லின் சவ்வையும் புரதங்களையும் கெடுக்கின்றன, மிச்சமுள்ள தசைக்குப் பாரம் கூடுகிறது. உடற்பயிற்சியும் செல்லுக்கு ஒரு அழுத்தம்தானாம், ஆனால் அளவோடு கொடுத்து நடுவில் ஓய்வும் விட்டால் செல் அந்த மூலக்கூறுகளை அடக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது, மடிப்பு கெட்ட புரதங்களைச் சரிசெய்யும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களையும் உண்டாக்குகிறது. இதில் நிறைய விஷயம் எலிகளிடம் பார்த்துத் தெரிந்துகொண்டது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களிடம் செய்து 1953-இல் வெளியிட்ட ஆய்வை அந்தப் பெண் அவருக்குச் சொன்னார்: நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து எனக்கு முன்னால் அவர் கிளம்பி வாசலில் நின்றார்.

நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுவதால் நாடித்துடிப்பை மட்டும் நம்ப முடியாது, அதனால் எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே எண்ணால் சொல்ல, சுவரில் 6 முதல் 20 வரை எண் போட்ட சிரம அட்டை ஒன்று வைத்திருக்கிறார்கள். அப்பாவை 11-க்கும் 13-க்கும் நடுவிலேயே வைத்திருந்தார்கள். "இப்ப எத்தனைப்பா?" என்று அடிக்கடி கேட்பார்கள்.

குறையும் உண்டு. காலை நேரம் மட்டும்தான், வேலைக்குப் போகிறவர்களுக்குக் கஷ்டம். இன்ஷூரன்ஸில் எங்களுக்குப் பணம் கிடைக்கவில்லை. உணவுக் குறிப்பு முழுக்க இங்கிலீஷில் இருந்தது, அதைத் தமிழில் கொடுத்தால் அம்மாவே படித்திருப்பார்.

கடைசி வாரம் அதே வராந்தாவில் 365 மீட்டர், சுவர் பக்கமே போகவில்லை. இப்போது மொட்டை மாடிச் செடிகளுக்கு அவரே தண்ணீர் ஊற்றுகிறார்.

சேரப் போகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட், மாத்திரைப் பட்டியல் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.