ஏற்காட்டில் கேட்டட் கம்யூனிட்டி வில்லா வாங்கப் போகிறீர்களா? சனிக்கிழமை போய்ப் பார்க்காதீர்கள்

நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் வீட்டுக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் மலைமேல் வில்லா விற்கும் ஸ்டால் ஒன்றிரண்டாவது இருக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே ஏசியில் பெரிய திரையில் பனிமூட்டம் ஓடிக்கொண்டிருக்கும். வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தத் திரை முன்னால் நிற்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. விவகாரம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் இருக்கிறது, வக்கீல் வேண்டாம் என்றார். இந்த மாதிரி விற்கிறவர்கள் ஒரே ஒரு கம்பெனியும் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிலத்தில் வில்லங்கம் எதுவும் கிடையாது. பட்டா, வில்லங்கச் சான்று, நகர் ஊரமைப்புத் துறையின் டிடிசிபி அங்கீகாரம், மலைப்பகுதிக்கு வேண்டிய ஹாக்கா அனுமதி, ரெரா பதிவு எண் எல்லாம் கச்சிதம். அப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு ரசீதில் தேதி தப்பாக இருந்தால்கூடத் திருப்பி அனுப்புகிற ஆள். ஆகவே ‘பத்திரத்தைச் சரியாகப் பார்த்தீர்களா?’ என்று யாரும் கேட்க வேண்டாம். பார்த்தோம். கிளப் ஹவுஸ் கட்டிடம்கூடப் பிளானில் இருந்தபடியே இருக்கிறது. அதற்குள் என்ன நடக்கும் என்பதைப் பற்றி மட்டும் எந்தப் பத்திரத்திலும் ஒரு வரி இல்லை. எங்களுக்கு விற்கப்பட்டதோ அதுதான்.

பிரோஷரில் வீட்டுப் படங்களைத் தாண்டி, அம்மாவைப் பிடித்து நிறுத்தியது ஒரு பக்கம். ஒரு நாள் எப்படிப் போகும் என்று மணிவாரியாகப் போட்டிருந்தார்கள். காலை 6 மணிக்கு யோகா, 7க்குக் காபித் தோட்டத்துக்குள் நடை, 8க்குப் பொதுச் சமையலறையில் டிபன். 11 மணிக்குக் கைவேலை, 4 மணிக்குக் கேரம், 6க்கு விஷ்ணு சகஸ்ரநாமம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தம்போலா என்கிற நம்பர் விளையாட்டு. வாரம் ஒருமுறை டாக்டர், வாரம் இரண்டு முறை சேலத்துக்கு வேன். வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவில் இருந்த பழைய மனிதர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளோடு ஓஎம்ஆர் பக்கம் போய்விட்டார்கள். அம்மாவுக்குப் பேச்சுத் துணை டிவி சீரியல்தான். அவருக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதை நேரில் காட்டுவதற்குத்தான் ‘அனுபவ முகாம்’. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட், விடிகாலையில் சேலம் ஜங்ஷனில் வேன், 20 கொண்டை ஊசி வளைவுகள், சனி ஞாயிறு தங்கல், சாப்பாடு, எல்லாம் அவர்கள் செலவு. மலை என்னவோ நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். கிட்டத்தட்ட 5,000 அடி உயரம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. மே மாதத்திலும் ராத்திரி போர்வை வேண்டியிருந்தது. சாயங்காலம் கிளப் ஹவுஸில் ஏகப்பட்ட பெரியவர்கள். ஒரு மூலையில் கேரம், இன்னொரு மூலையில் பழைய பாட்டுக் கச்சேரி. ஸ்வெட்டர் போட்ட ஒருவர் தம்போலா நம்பரை ராகம் போட்டுச் சொன்னார். மெரூன் சால்வை போர்த்திய ஒரு மாமி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நான் வரும்போது முட்டி வலில படி ஏற முடியாது. இப்ப பாருங்கோ, தினம் காலைல பக்கோடா பாயிண்ட் வரைக்கும் நடந்துட்டு வரேன். மெட்ராஸ்ல என்ன இருக்கு? இங்க வந்தா தனியா இருக்கோம்னே தோணாது.”

ஞாயிறு மத்தியானமே அட்வான்ஸ் போட்டால் தள்ளுபடி என்றார்கள். மொத்த விலையில் 25 சதவீதம் கேட்டார்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. அப்பா அதைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் 10க்கு இறங்கிவிட்டார்கள். சட்டம் தெரியாதவர்களிடம் 25ஐயே வாங்கியிருக்கிறார்கள் என்பது பின்னால் மற்ற உரிமையாளர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

வீட்டு வேலை முடிந்து சாவி கொடுத்தார்கள். அப்பாவும் அம்மாவும் சாமான் செட்டோடு போய்ச் சேர்ந்தார்கள். திங்கட்கிழமை காலை 6 மணிக்கு அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு யோகாவுக்குப் போனால் கிளப் ஹவுஸ் பூட்டியிருக்கிறது. செக்யூரிட்டிதான் சாவி எடுத்து வந்து திறந்திருக்கிறார். “மாஸ்டர் கேம்ப் இருக்கிற வாரந்தான் வருவாரும்மா. நீங்க உள்ள உக்காந்துக்கங்க, நான் ஃபேன் போடறேன்.” அந்தக் குளிரில் ஃபேன்! நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வாரம் நான் போனபோது நானே பார்த்தேன். கேரம் போர்டு இருந்தது, ஸ்ட்ரைக்கர் இல்லை, சிவப்புக் காயும் இல்லை. பவுடர் டப்பா மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரில் கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டில் அந்த மணிவாரி அட்டவணை தொங்கியது, மேலே போட்டிருந்த மாதம் போன வருஷத்து ஜனவரி.

அறுபதுக்கு மேல் வில்லாக்கள். வார நாளில் ராத்திரி மாடியில் நின்று எண்ணினால் விளக்கு எரிகிற வீடு ஐந்தைத் தாண்டாது. வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு முதலீட்டுக்காக வாங்கியவர்கள். அவர்கள் வீட்டைப் பொறுப்பில் எடுத்து ஹோம்ஸ்டேயாக வாடகைக்கு விடுகிற வேலையையும் அதே கம்பெனிதான் செய்கிறது. வெள்ளி சாயங்காலம் ஆனால் கார்கள் வரிசையாக ஏறிவரும். நீச்சல் குளத்துப் பக்கம் ஸ்பீக்கர், பார்பிக்யூ புகை, ராத்திரி ஒரு மணி வரை கூத்து. ஞாயிறு மாலை எல்லோரும் இறங்கிவிடுவார்கள், குரங்குகள் வந்து குப்பையைக் கிளறும். கேட்டுக்குள்ளே யார் வேண்டுமானாலும் வாடகை கொடுத்து வரலாம் என்றால் அந்த கேட் எதற்கு என்று இன்னமும் எனக்குப் புரியவில்லை.

பொதுச் சமையலறை கதையைக் கேளுங்கள். குறைந்தது இருபது பேர் சாப்பாடு சொன்னால்தான் அடுப்பு எரியும் என்று பராமரிப்பு ஒப்பந்தத்தின் இணைப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி. வார நாளில் இருபது பேருக்கு எங்கே போவது? அதனால் ஊருக்குள் ஒரு மெஸ்ஸில் இருந்து கேரியர் வரும். ரசத்தின் மேல் நெய் உறைந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். அதற்கும் பொதுச் சமையலறை ரேட்டிலேயே பில். டாக்டர் வந்தார், ஒருமுறை, போட்டோகிராபரோடு. சேலம் வேனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம், அதுவும் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும்.

அம்மா விடவில்லை. குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில், ‘இன்று மாலை சகஸ்ரநாமம் உண்டா? நான் சுண்டல் செய்து கொண்டு வருகிறேன்’ என்று போட்டார். பதில் வரவில்லை. மறுநாளும் கேட்டார். அன்றைக்கே அட்மின் மட்டும் எழுத முடிகிற மாதிரி குரூப்பை மாற்றிவிட்டார்கள். எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வந்தது இந்தச் சுண்டல் விஷயத்தில்தான்.

சாயங்காலம் வெளியே நடக்கவும் முடியவில்லை. பின்பக்க வேலி ஒரு இடத்தில் சரிந்து கிடக்கிறது, இருட்டினால் காட்டெருமை உள்ளே வந்துவிடும். டார்ச் இல்லாமல் வாசல் தாண்டாதீர்கள் என்று செக்யூரிட்டி தினமும் சொல்லுவார். மலையில் காட்டெருமை வருவது இயற்கை, அதற்குக் கம்பெனியைத் திட்ட மாட்டேன். வேலியைக் கட்ட மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டு கட்டாமல் இருந்தால் திட்டத்தான் செய்வேன்.

ஒரு நாள் அம்மா அந்த மெரூன் சால்வை மாமிக்குப் போன் பண்ணினார். முகாமில் நம்பர் வாங்கி வைத்திருந்தார். எந்த வில்லாவில் இருக்கிறீர்கள், பார்க்கவே முடியவில்லையே என்று கேட்டதும் மாமி கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். அப்புறம் உள்ளதைச் சொல்லிவிட்டார். அவர் வீடு வளசரவாக்கத்தில். முகாமுக்கு வந்தால் போக வரச் செலவு, தங்கல், சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். தம்போலா நம்பர் சொன்னவரும் அப்படித்தான், அவர் கோத்தகிரியில் இருக்கிற இன்னொரு புராஜெக்டுக்கும் போவாராம். “தப்பா எடுத்துக்காதீங்கோ மாமி, ஆத்துல தனியா இருக்கேன், நாலு பேரைப் பார்த்த மாதிரி ஆச்சுன்னு போறேன்.” அம்மாவுக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. இப்போது இரண்டு பேரும் வாரா வாரம் போனில் பேசுகிறார்கள். அந்தக் கம்பெனியால் அம்மாவுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதம் அதுதான்.

பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று இரண்டு வருஷத்துக்கு முன்பணமாக வாங்கிவிட்டார்கள், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. கணக்கு கேட்டால் ‘கார்ப்பரேட் ஆபீஸில் கேளுங்கள்’. கார்ப்பரேட் ஆபீஸ் தி.நகர் பக்கம். அங்கே போனால் ‘சைட்டில் கேளுங்கள்’. உரிமையாளர் சங்கம் ஏன் இன்னும் அமைக்கவில்லை என்றால் எல்லா வீடும் விற்கட்டும் என்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பாதிக்கு மேல் வீடுகள் புக் ஆனதும் மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வழி செய்ய வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. சங்கம் வந்தால் வரவு செலவைக் காட்ட வேண்டும், ஹோம்ஸ்டேக்கு விதிமுறை வரும். அவர்கள் இழுத்தடிப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

அப்பாவும் அம்மாவும் வில்லிவாக்கத்துக்கே திரும்பிவிட்டார்கள். புகார் கொடுத்திருக்கிறோம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் விவரம் சொல்கிறேன். அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு விளம்பரத்தைப் பற்றியது. விளம்பரத்திலோ பிரோஷரிலோ சொன்ன பொய்யை நம்பிப் பணம் போட்டவர் நஷ்ட ஈடு கேட்கலாம். வேண்டாம் என்று விலகினால் போட்ட பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். பணத்தைத் திரும்பக் கேட்பது ரெரா ஆணையத்திடம், தமிழ்நாட்டில் அதற்குப் படிவம் எம். நஷ்ட ஈட்டை முடிவு செய்வது தீர்ப்பு அதிகாரி, அதற்குப் படிவம் என். யாரிடம் எதைக் கேட்பது என்ற குழப்பத்தை 2021ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தீர்த்து வைத்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து மனு போட்டால் இழுபறிதான்.

நோட்டீஸ் போனதும் கம்பெனியிடமிருந்து ஒரு போன் வந்தது. கூகுளில் அப்பா எழுதிய விமர்சனத்தை எடுத்துவிட்டால் ஆறு மாதப் பராமரிப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்களாம். அப்பா கேட்டது ஒரே கேள்வி: “இதை லெட்டர்ஹெட்ல எழுதித் தருவீங்களா சார்?” அதோடு போன் வரவில்லை.

மலையில் வீடு பார்க்கிறவர்கள் கம்பெனி வேனில் ஏறாதீர்கள். ஒரு செவ்வாயோ புதனோ சொந்தச் செலவில் போய், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து விசாரியுங்கள், எத்தனை வீட்டுக்குப் பால் பாக்கெட் போகிறது என்று. எங்கள் இடத்தில் பால்காரருக்கு ஒரு பை போதும். யோகா, சாப்பாடு, டாக்டர், வேன் என்று வாயால் சொல்லும் எல்லாவற்றையும் விற்பனை ஒப்பந்தத்தின் அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள், எத்தனை வீட்டில் ஆள் இருந்தாலும் நடக்கும் என்ற வார்த்தையோடு. தயங்கினால், முகாமில் குடியிருப்பவர்கள் என்று காட்டிய பெரியவர்களின் வில்லா எண்களைக் கேளுங்கள். ஹோம்ஸ்டே அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இந்தப் புராஜெக்டில் வாங்கியவர்கள் படித்தால் எந்த இடம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்களிடம் பழைய பிரோஷர் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போன மாதக் கண்காட்சியில் புதிதாக அச்சடித்ததை வாங்கிப் பார்த்தேன். அந்த மணிவாரி அட்டவணைப் பக்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீச்சல் குளப் படம் போட்டிருக்கிறார்கள்.